மூன்றாம் அறையின் உள்கைப்பிடி

ஐஸ் ஆலையை மூடி, கம்ப்ரஸர்களைக் கழற்றி, குழாய்களை அறுத்து, எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு அனுப்பிய பிறகும் மூன்றாம் அறை மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினொரு டிகிரி. கோடையிலும் பதினொன்று, மழைக்காலத்திலும் பதினொன்று. மின்சாரமே இல்லாத கட்டடத்துக்கு எந்த வகையில் கட்டணம் போடுவது என்று மின்வாரியத்தில் ஒரு வருடம் கோப்பு சுற்றி, கடைசியில் யாரோ ஒருவர் அதன்மேல் டீ டம்ளரை வைக்கத் தொடங்கியதும் அந்த விவகாரம் முடிந்தது.

அந்தக் குளிர் உள்ளே தங்கிப்போன நாளன்று, பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு, ரிஜிஸ்டர் அக்கா தன் தம்பியின் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஆலையின் பழுதுப் பதிவேட்டை எழுதுகிறவள் அவள். அதனால் அந்தப் பெயர். தம்பி குளிரறைகளில் ஐஸ் பாளம் அடுக்குகிறவன். கோட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றபடி நெஞ்சை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான்.

“ஊசியை இதயத்துல இறக்கிடாதேக்கா.”

“அப்படி ஒண்ணு இருந்தாத்தானே இறங்கும். ஆடாம நில்லு, எருமை.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு மணிச் சங்கு ஊதியது. அவன் போனான்.

மூன்றாம் அறைக் கதவு ஒரு சாண் கனம். வெளியே தாழ், உள்ளே, தாழைத் தூக்கிவிடும் கைப்பிடி. அந்தக் கைப்பிடி உடைந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அக்கா அதைப் பதிவேட்டில் மூன்று முறை எழுதியிருந்தாள். முதல் முறை, உள்கைப்பிடி உடைந்துவிட்டது என்று. இரண்டாம் முறை, உள்ளிருந்து கதவைத் திறக்க முடியவில்லை என்று. மூன்றாம் முறை, ஆபத்து என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். மூன்றுக்கும் எதிரில் மேலாளர் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்திருந்தார். அன்று கதவு எப்போது சாத்திக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. கம்ப்ரஸர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது. ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போன அக்கா, தம்பி வரத் தாமதமானதும் சினிமாவுக்குப் போயிருப்பான் என்று நினைத்துத் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட்காரர்கள் கதவைத் திறந்தார்கள்.

குடித்துவிட்டு உள்ளே தூங்கிவிட்டான் என்று நிர்வாகத்தின் விசாரணை முடிவு சொன்னது. இருமல் மருந்து ஒரு மூடி குடித்தாலே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் அவன். கதவின் உட்புறத்தில், பூட்ஸ் உயரத்திலும் தோள் உயரத்திலும், தகரம் குழி குழியாக நசுங்கியிருந்தது. தூங்குகிறவன் கதவை உதைப்பானா என்று அக்கா விசாரணையில் கேட்டாள். அந்தக் கேள்வி பதிவாகவில்லை. அன்று குறிப்பெழுதியவர் வேறு ஒருவர்.

நாலு வருடத்தில் ஆலை மூடியது. அதன்பின் பல வருடம் பூட்டு உடைந்த அந்தக் கட்டடத்தின் மூன்றாம் அறையில் மீன்காரர்கள் கூடை வைத்தார்கள், மருந்துக்கடைக்காரர் ஊசிமருந்துப் பெட்டிகள் வைத்தார். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்பது என்று யாரும் சொல்லாமலே வைத்துக்கொண்டார்கள். மீன்காரர்களுக்குத் தெரிந்தது நிர்வாகத்துக்குத் தெரியாமல் போனதே என்று அக்கா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். பிறகு கட்டடத்தை நவீன கலைக்கூடமாக மாற்றினார்கள். சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள், கூரையில் கண்ணாடி பதித்தார்கள், மீன் நாற்றம் போக மூன்று மாதம் கழுவினார்கள். மூன்றாம் அறைக் கதவை மட்டும் தொடவில்லை. அது கட்டடத்தின் தொழில் வரலாற்றுக்குச் சான்று என்று பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். நசுங்கிய குழிகளைத் தூசு தட்டி, அவற்றின்மேல் சாய்வாக ஒரு விளக்கும் போட்டார்கள்.

குளிரைப் பொருட்படுத்தாத காவல் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் அக்கா போய் அந்த அறை வாசலில் நாற்காலி கேட்டு வாங்கினாள். முதல் நாளே இயக்குநர் அம்மாவிடம் உள்கைப்பிடி வைக்கச் சொன்னாள். இயக்குநர் நல்ல மாதிரி. யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார்.

“கட்டடத்தோட அசல் தன்மை கெட்டுடும்க்கா. அதான் வெளியே நீங்க இருக்கீங்களே, திறந்துவிட.”

“அன்னைக்கும் வெளியே ஆள் இருந்தாங்கம்மா. நூத்திப் பத்துப் பேர்.”

இயக்குநர் தலையை ஆட்டி, குழுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். வைத்தார். குழு அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது.

கலைக்கூடத்துக்குச் சொந்தமாக ஒரு படம்கூடக் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கிருந்தோ கண்காட்சிகள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும், தங்கும், போகும். முதலில் மெழுகுத் தலைகள் நாற்பது வந்தன. அவை மெல்ல உருகுவதுதான் கலை என்று கையேட்டில் போட்டிருந்தது. மூன்றாம் அறையில் ஒரு சொட்டுகூட உருகவில்லை. காலத்தை நிறுத்திவிட்டேன் என்று சிற்பி பேட்டி கொடுத்தார். அடுத்து கடல் ஓவியங்கள். இரண்டாம் வாரத்தில் அலைகள் உறைந்து நின்றன, படகுகளைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டியது. அதற்கடுத்து ஒரு கோடைக்காலத் திருமணத்தைப் படமெடுத்து, பெரிய திரையில் ஓயாமல் ஓட்டினார்கள். ஒன்பதாம் நாளிலிருந்து மணமக்கள் வாயிலிருந்து ஆவி வந்தது. விருந்தாளிகள் ஒருவருடைய சால்வையை ஒருவர் இழுத்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் தங்களுக்குள் ஏதோ அசைந்ததாக வருகைப் புத்தகத்தில் எழுதினார்கள். ஒவ்வொரு கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் கலைஞர்கள் குளிரூட்டும் பிரிவுக்கு நன்றி சொன்னார்கள். கலைக்கூடத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அக்கா அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, கிழித்து, நாலாக மடித்து, ஆடும் நாற்காலிக் காலுக்கு அண்டை கொடுத்தாள்.

எட்டாம் வருடம் கம்பளிக்குல்லா வந்தார். எந்த வெயிலிலும் தலையில் கம்பளிக் குல்லாயோடு திரிகிற கலைஞர். கைவிடப்பட்ட இடங்களின் காகிதங்களைத் தேடியெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது அவர் வழி. பழைய அலுவலகத்தின் இடிந்த அலமாரியிலிருந்து பழுதுப் பதிவேட்டை எடுத்து, அதில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பதினாறு அடி உயரத்துக்கு அச்சிட்டு, மூன்றாம் அறைக்குள் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டினார். விடுப்பு முடிந்து வந்த அக்கா கதவைத் திறந்ததும் தன் கையெழுத்து ஆளுயரத்தில் நிற்பதைக் கண்டாள். மூன்று வரிகள், மூன்று தேதிகள், மூன்று ‘பார்த்தேன்’. அடிக்கோடுகள் இரண்டும் ஆளுக்கொரு பாயாகப் படுக்கும் அகலத்தில் இருந்தன. பக்கத்தில் ஒரு விளக்கச் சீட்டு: பெயர் அறியாத எழுத்தரின் கை, பொருளைத் துறந்த கோடுகளின் நடனம். கம்பளிக்குல்லா ஏணிமேல் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“இது என் எழுத்து,” என்றாள்.

“நீங்களா! அடடா, என்ன அழகுங்க. அந்த சுழிகளைப் பாருங்க, மூச்சு விடுது.”

“என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

“நான் படிக்கிறதில்லைங்க. பார்க்கிறேன்.”

“படிங்க.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் ஏணியிலிருந்து இறங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் வரியில் குரல் தேய்ந்தது. திரும்பிக் கதவைப் பார்த்தார்; கைப்பிடி இருந்திருக்க வேண்டிய ஓட்டையை, அதன் மேலும் கீழும் விளக்கு போட்ட குழிகளை. அக்கா இரண்டு வாக்கியத்தில் மீதியைச் சொன்னாள். அவர், உண்மையான வருத்தத்தோடு, “முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் பெருசாப் போட்டிருப்பேனேங்க,” என்றார்.

அக்கா நேராக ஆலையின் பழைய ஃபிட்டர் வீட்டுக்குப் போனாள். தம்பி போனதிலிருந்து அவரிடம் அவள் பேசியதில்லை. தெருவில் எதிரே வந்தால் அவர்தான் சந்துக்குள் திரும்பிவிடுவார். எழுபது தாண்டிய கிழவர் அவளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொருளைக் கொண்டுவந்தார். புதுக் கைப்பிடி. பாகம் அப்போதே வந்துவிட்டது, அறையை இரண்டு மணி நேரம் நிறுத்த உத்தரவு வரவில்லை, அதுதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இத்தனை வருஷம் பீரோவுக்குள்ளே வெச்சுத் துடைச்சிட்டிருந்தீங்களாண்ணே?”

“தூக்கிப் போட முடியலம்மா.”

“மாட்டவும் முடியல. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து மாட்டுங்க.”

“என்னை உள்ளே விடுவாங்களா?”

“டிக்கெட் எடுத்துட்டு வாங்க. யாரையும் விடுவாங்க.”

மறுநாள் ஃபிட்டர் சலவைச் சட்டையும் கருவிப் பையுமாக வந்தார். பை கண்காட்சியைச் சேர்ந்தது என்று வாசலில் இருந்தவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நாற்பது பார்வையாளர்கள் சுற்றி நின்றார்கள், அக்கா விளக்கைப் பிடித்தாள். கிழவர் துருவைச் சுரண்டி, தண்டைக் கோத்து, திருகுகளை முடுக்கினார். கடைசித் திருகில் கூட்டம் கை தட்டியது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிட வேலை. அறையை நிறுத்தவே வேண்டியிருக்கவில்லை. அவள் அதைச் சத்தமாகச் சொன்னாள், ஃபிட்டரிடம் அல்ல, கூட்டத்திடமும் அல்ல, வெள்ளைச் சுவர்களைப் பார்த்து மூன்று முறை சொன்னாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

இயக்குநர் ஓடிவந்தார். “யாரைக் கேட்டுப் பண்ணீங்க?”

“எதிர்ச் சுவத்துல பதினாறு அடிக்கு எழுதிக் கேட்டிருக்கேன். பாருங்க.”

கைப்பிடி பிழைத்தது கம்பளிக்குல்லாவால். தொலைபேசியில் செய்தி கேட்ட மனிதர் குதூகலித்து, அது இனித் தன் படைப்பின் பகுதி என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். உடனே அதற்குக் காப்பீடு வந்தது, கண்காட்சிப் பட்டியலில் நாற்பத்திரண்டாம் எண் வந்தது, கீழே ‘தொடாதீர்கள்’ என்று ஒரு சீட்டும் வந்தது. அந்தச் சீட்டைக் காவல் காக்கும் பொறுப்பை அக்காவிடமே கொடுத்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும், “அது கெடக்குது, நல்லாப் பிடிச்சுத் திருப்புங்க,” என்றாள்.

மூன்று மாதம் முடிந்து கண்காட்சி கிளம்பியபோது, பெட்டி கட்டுகிறவர் இரண்டு ஆட்களோடு வந்தார். சுவரிலிருந்து காகிதத்தை உரித்துச் சுருட்டினார்கள். பிறகு அவர் பட்டியலோடு கதவருகே வந்து, இதையும் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறது என்றார்.

“கழட்டுங்க. கழட்டிட்டு உள்ளயே நில்லுங்க. நான் வெளியே போய்க் கதவைச் சாத்துறேன்.”

அவர் கோபப்படவில்லை. காகிதத்தைச் சுருட்டும்போது அவர் உதடு அசைந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வரியாக அவர் படித்திருந்தார். குழிகளின் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“உள்ளே யாரும்மா?”

“என் தம்பி.”

அவர் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை திருப்பினார். தாழ் தூக்கிக்கொண்டது. அதைப் பார்த்தபடியே நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு எதிரில் ‘பொருள் இல்லை’ என்று எழுதினார். ஆட்கள் இருவரும் எட்டிப் பார்த்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு கண்காட்சிகள் வந்து போயின. வருகிற கலைஞர்கள் கைப்பிடி கட்டடத்தோடு பிறந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒருமுறை ஃபிட்டர் டிக்கெட் எடுத்து வந்து அதற்கு எண்ணெய் போடுகிறார். அவரும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை. அக்கா ஒவ்வொரு பார்வையாளரையும் தனியாக உள்ளே அனுப்பி, கதவைச் சாத்தி, அவர்களாகவே திறந்துகொண்டு வரும்வரை வெளியே காத்திருக்கிறாள். சிலர் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், சிலர் புகார் எழுதுகிறார்கள். இயக்குநர் புகார்களைக் குழுவில் வைக்கிறார், குழு கவனத்தில் எடுத்துக்கொள்கிறது. குடித்துவிட்டுத் தூங்கினான் என்ற விசாரணை முடிவைத் திருத்தச் சொல்லி அக்கா எழுதிய கடிதங்களுக்கு, அந்த நிர்வாகம் இப்போது இல்லை என்று பதில் வருகிறது.

கூட்டம் இல்லாத நேரங்களில் அவள் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக் கூரை வழியே வெயில் இறங்குகிறது. கழுத்தில் வழிகிற வியர்வையைத் துடைத்துக்கொள்கிறாள். ஒரு முழம் தள்ளி, உள்ளே, சுவரெல்லாம் உறைபனி பூத்திருக்கிறது. கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாலும் குளிர் வாசற்படியைத் தாண்டி வருவதில்லை.