இரத்தினசபாபதி உள்ளே வந்த விதம்

கலியபெருமாள் வீட்டுக்குள் நான் பதினோரு வருடமாக நுழைந்துகொண்டிருந்தேன். அந்த ஐப்பசியில் கூடத்தின் பாதியைத் தாண்டியிருந்தேன்.

குடியிருக்க இடம் கேட்டு வந்த அன்றே அவர் விவரமாகச் சொல்லிவிட்டார். "கூடம் கொஞ்சம் நீளம் சார். பாத்து வாங்க." முதல் வருடம் வாசற்படி. இரண்டாம் வருடம் செருப்பு விடும் இடம். அதன்பிறகு வருடத்துக்கு நாலைந்து அடி. வந்து சேர்ந்த இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். காலையில் வேலைக்குப் போவேன். மாலையில் திரும்பி வந்து அந்தக் கோட்டருகே பாயை விரிப்பேன். கோட்டை யாரும் அழித்ததில்லை. நல்ல மனிதர்கள்.

கூடத்தின் மறுகோடியில் சாப்பாட்டு மேசை இருந்தது. கலியபெருமாள், அவர் மனைவி செண்பகவல்லி, மகள் மேகலா மூவரும் அங்கே சாப்பிடுவார்கள். நாற்காலிகள் நான்கு. நான்காவது, செண்பகவல்லியின் தம்பிக்காகப் போட்டது. அவருக்குத் தம்பி கிடையாது. மேகலாவுக்குக் கல்யாணம் கூடினால் தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று அவர்கள் கவலைப்படுவது என் இடம்வரை கேட்கும்.

என் வேகத்துக்கு இன்னும் ஒன்பது வருடம் ஆகும். யாரிடமும் சொல்லவில்லை.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். சித்தப்பாக்கள், அத்தைகள், பேரன் பேத்திகள். மற்றவர்களின் சொந்தக்காரர்களை எழுத்துப்பிழை இல்லாமல் வைத்திருப்பது என் பொறுப்பு.

ஒரு வியாழக்கிழமை மழையில் நாய் வந்தது. செம்மண் நிறம். விலா எலும்புகளை எண்ணலாம். அச்சகத்துக்கு எதிரே டீக்கடையில் ஒரு பொறை வாங்கிப் போட்டேன். தின்றுவிட்டு என்னோடு நடந்து வந்தது. கலியபெருமாள் வீட்டு வாசற்படியில் படுத்தது. அதுதான் முறை. நான் என் கோட்டுக்குப் போனேன்.

மறுநாள் செருப்புகளுக்கு நடுவில் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் பாய்க்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்பது வருடம் பிடித்த தூரம் அது. நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய்க்கு நான்கு கால்.

என் முதுகோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இன்னொரு உடம்பின் சூடு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றன்று திருத்திய பெயர்களை அதற்குச் சொல்வேன். "சிவகாமசுந்தரிக்கு ரெண்டு சுழி ன போட்டுட்டாங்க" என்பேன். காதைத் தூக்கிக் கேட்கும். மூன்று வாரம் அப்படிப் போனது. அந்த மூன்று வாரமும் நான் ஓர் அடிகூட நகரவில்லை. நகரத் தோன்றவில்லை.

ஒரு காலையில் அது எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

"எங்க போற?" என்றேன்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்தது. பன்னிரண்டு அடிக் கூடத்தில் நடப்பதுபோல நடந்தது. கூடமும் அதற்குப் பன்னிரண்டு அடியாகவே இருந்தது.

"வந்துட்டியா தம்பி" என்றார் செண்பகவல்லி. "கைய கழுவிட்டு உக்காரு. இட்லி ஆறுது."

நாய் நான்காவது நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.

"ரயில் லேட்டா மாப்ள?" என்றார் கலியபெருமாள்.

நாய் தட்டில் முகத்தை வைத்தது.

"அசதியா இருக்கான். சாப்பிடட்டும், விடுங்க."

நானும் எழுந்து அதே மாதிரி நடந்து பார்த்தேன். நாற்பது எட்டு வைத்தேன். நின்று சுவரைப் பார்த்தேன். பென்சில் கோடு என் பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த வாரம், சுவரில் மாட்டியிருந்த கலியபெருமாளின் கல்யாணப் படத்தில், மணப்பெண்ணின் காலருகே ஒரு நாய்க்குட்டி நின்றது. படம் பழுப்பேறியிருந்தது. குட்டியின் மேலும் அதே பழுப்பு. மேகலா அதை "மாமா" என்று கூப்பிட்டாள். சின்ன வயதில் மாமா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனதைச் சொல்லிச் சிரித்தாள். எல்லோருக்கும் அது நினைவிருந்தது. கொஞ்ச நாளில் எனக்கும் நினைவு வந்தது. அன்று வெயில் அதிகம்.

மாலைகளில் அது என் பக்கம் வருவதில்லை. மேசையருகே தூங்கியது. நான் பெயர்களை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். அந்தத் தூரத்துக்குக் கேட்காது.

கார்த்திகையில் மேகலாவின் பத்திரிகை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் திரு. இரத்தினசபாபதி என்றிருந்தது. அப்போதுதான் அதன் பெயர் எனக்குத் தெரிந்தது. மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு கலியபெருமாள் என்னைப் பார்க்கப் புறப்பட்டார். காலையில் மேசையிலிருந்து எழுந்தவர் என்னிடம் வந்து சேர மதியம் ஆகிவிட்டது. வேர்த்திருந்தது. பாயில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒரு உதவி சார்."

"சொல்லுங்க."

"உறவுமுறை ஆபீஸ்ல மச்சினருக்குச் சான்று கேக்குறாங்க. இல்லேன்னா மேடையில ஏத்த மாட்டாங்களாம். வெளியில கொண்டுபோய் விட்டுருவாங்களாம்."

"எந்த வெளியில?"

"எங்கேர்ந்து வந்தாரோ அங்க."

நான் அந்த விலா எலும்புகளை நினைத்துக்கொண்டேன்.

"வெளியாள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்" என்றார். "பத்து வருஷம் எங்க குடும்பத்த வெளியிலேர்ந்து பாத்தவரா இருக்கணும். தெரு பூரா விசாரிச்சுட்டேன். எல்லாரும் ஏதாவது ஒரு வழியில சொந்தமாப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் மிச்சம்." அவர் கண் கலங்கியது. "நீங்க மட்டும் இல்லேன்னா எங்க கதி என்னன்னே தெரியல."

யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நானும் நாயும் போனோம். அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடக் கூப்பிட நடைபாதை இன்னும் கொஞ்சம் நீண்டது. எங்கள் பெஞ்சு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நாய் என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வெகுநாளைக்குப் பிறகு. எண் வராமலே இருந்தால்கூட நல்லது என்று நினைத்தேன். உடனே எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"இவருதானா?"

"ஆமா. நாய்."

"நாய்ங்கறது ஒண்ணும் இல்ல. வெளியிலேர்ந்து வந்தவருங்கறதுதான் பிரச்சினை." ஒரு படிவத்தை எடுத்தார். "நீங்க அந்தக் குடும்பத்துக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"எழுத்துல குடுங்க."

எழுதிக் கொடுத்தேன்.

"ஒருத்தர் உள்ள வரணும்னா ஒருத்தர் வெளியில இருக்கறது உறுதியாகணும். கடைசி வரியப் படிச்சுட்டுப் போடுங்க."

கடைசி வரியைப் படித்தேன். அக்குடும்பத்தில் இனி எந்நாளும் எவ்வித உறவும் கோறமாட்டேன் என்று இருந்தது.

"நான் போடலேன்னா இவர் எங்க போவார்?"

"அது இந்த செக்‌ஷன் இல்லைங்க."

நாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு விஷயம் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது மேகலா அதன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டிருந்தாள். கண்ணில் விழாமல் கையை வைத்து மறைத்துப் பூசினாள். அதை நான் பார்த்திருந்தேன்.

'கோறமாட்டேன்' என்பதில் 'ற'வை அடித்து 'ர' போட்டேன். ஓரத்தில் திருத்தக்குறி இட்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

"இத்தன வருஷமா யாரும் கவனிக்கல" என்றார் அந்த அம்மாள். முத்திரையை அழுத்தினார். "அவர கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்குத் திரும்பியபோது இரத்தினசபாபதி நேராக உள்ளே போய்விட்டார். என் பாய் வெளியே, காம்பவுண்டுச் சுவரின்மேல் இருந்தது. சுருட்டி, சணல் கயிற்றால் நன்றாகக் கட்டியிருந்தார்கள். வாசற்படிக்கு முன்னால் நின்று பார்த்தேன். படி தூரத்தில் தெரிந்தது. பாயை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் இருந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கடைசி வரிசையில் நாற்காலி கிடைத்தது. மண்டபம் நீளமானது. இருந்தாலும் பார்த்தேன். தாய்மாமனுக்குப் பட்டுத்துண்டில் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். அவர் மாலையைப் பல்லில் கவ்வி, மேகலா குனிய, கழுத்தில் போட்டார். ஒரு பூ உதிரவில்லை. செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர் என்னைக் கேட்டார்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"இல்ல."

அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

மாசியில் ஒரு மாலை அந்தத் தெரு வழியாகப் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. கேட்டுக்கு முன்னால் நின்றேன். அவர் வாசலில் படுத்திருந்தார். உடம்பு தேறியிருந்தது. விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். கேட்டருகே வந்தார். குரைத்தார்.

நல்ல குரைப்பு. வீட்டுக்காரர்கள் குரைக்கிற குரைப்பு. தெருவில் இருக்கிறவர்களுக்கு அப்படி வராது.

கதவைத் திறந்துகொண்டு செண்பகவல்லி எட்டிப் பார்த்தார். "யாரு தம்பி?" என்றார். நான் நின்ற இடத்தைப் பார்த்தார். அதற்கு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்ல. நீ உள்ள வா."

அவர் உடனே போகவில்லை. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி என் வேட்டியை மோந்தார். நான் அசையாமல் நின்றேன். மோந்து முடிக்கும்வரை அவகாசம் கொடுத்தேன். பிறகு அவர் தலையைத் தூக்கி இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, குரைத்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள்.

நான் மறுபக்கம் திரும்பி நடந்தேன். தெரு நீண்டுகொண்டே போனது. அன்று திருத்திய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்.