விருந்தாளிக்கு வேலையில்லை

சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளருக்குக் காலையிலிருந்தே தலை வெடித்துக்கொண்டிருந்தது. நாடுவிட்டு வந்த அந்தப் புதுப்பெண்ணை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். இன்றோடு வாரம் முடிகிறது. வேலை நிலைத்தால்தான் கம்பெனி கொடுத்த அறையும் நிலைக்கும். இல்லையென்றால் இரண்டு குழந்தைகளோடு அவள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

"புதுசா வந்தவங்க, அன்பா பாத்துக்கோங்க" என்று முதல் நாள் மற்ற பெண்களிடம் மேற்பார்வையாளர்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அதற்காக இப்படியா? புதுப்பெண் கூடையைத் தொட்டால் ஒருத்தி பிடுங்கிக்கொள்வாள். இன்னொருத்தி நாற்காலி போடுவாள். எல்லோருக்கும் மூத்தவளான பெரியக்கா டீ ஊற்றுவாள். ஆளுயர விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். புதுப்பெண்ணோடு ஜோடி சேர ஒருத்தியும் வரவில்லை. அவள் தனியாக மல்லுக்கட்டி மூன்றாக மடித்து வைத்ததையும், மனசு நோகக் கூடாதாம், முதுகுக்குப் பின்னால் பிரித்து நான்காக மடித்தார்கள். அவளை வேலை செய்ய விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி மேற்பார்வையாளருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

மேனேஜர் வந்தபோது புதுப்பெண் நாற்காலியில், கையில் டீயோடு.

"இவங்க என்ன வேலை பாக்கறாங்க?"

"ஒண்ணையும் தொட விடறதில்ல சார். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்கறோம்" என்றாள் பெரியக்கா, பெருமை பொங்க.

மேற்பார்வையாளர் பொறுமையிழந்தாள். "உங்க வீட்டுப் பொண்ண இப்படி உக்கார வெச்சு டீ குடுப்பீங்களாக்கா?"

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். அதைப் புரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை. புதுப்பெண் எழுந்து, பெரியக்காவின் கையிலிருந்த விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள்.

"நீங்க உக்காருங்கம்மா" என்று சிரித்தாள் பெரியக்கா.

அவ்வளவுதான். புதுப்பெண் தன் மொழியில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அடுக்கைக் காட்டினாள், மூன்று விரலை நீட்டினாள், பிரித்து மடித்தவர்களை ஒவ்வொருத்தியாகச் சுட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பெரியக்காவுக்கு முகம் சிவந்தது. "என்னடி, என்கிட்டயே குரல உயர்த்தற? மூணா மடிச்சா அலமாரியில எப்படி அடங்கும்? புடி அந்த முனைய!"

பிடித்தாள். இருவரும் கத்திக்கொண்டே மடித்தார்கள். மூன்று மடிப்பை அலமாரியில் வைத்துப் பார்த்தார்கள், அடங்கியது. "ஒண்ணு அடங்கினா ஆச்சா?" என்று பெரியக்கா அடுத்ததை உதறினாள்.

சத்தம் தாங்காமல் மேனேஜர் வாசலுக்கு நகர்ந்தார். "நாளையிலேர்ந்து இவங்க ரெண்டு பேரையும் ஒரே மேசையில போடாதீங்க."

"நாளைக்கும் அவ வரலாமா சார்?"

"வேலை செய்யற ஆளை யாராவது அனுப்புவாங்களா?"

மேற்பார்வையாளருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த இருவரையும் பிரிக்க மட்டும் அவள் போகவில்லை.