தங்க ரேக்குக்கு அடியில் ஒரு பெயர்

1
பர்மாவின் பழைய கோயில் நகரமான பகானில் ஒரு டீக்கடையில் ஒட்டுக்கேட்ட கதை இது. பக்கத்து மேசைக்காரர்கள் பாதியில் எழுந்து போனதால் மீதி என் தலையில் விழுந்தது.

2
முதல் தொடக்கம்: ‘ஐராவதியின் மேல் சூரியன் தன் பொற்கதிர்களை…’ (வேண்டாம். பகானைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இதையேதான் உதிக்க விடுகிறார்கள்.)

இரண்டாவது: சரித்திரப் பேராசிரியர் ஊ க்யா ஞுன் மண்டியிட்டிருந்தார்.

இது பரவாயில்லை. ஒரு பழைய கோயில் கல்வெட்டின் அடிவரியைப் படிக்க வேறு வழியும் இல்லை. கோயிலைக் கட்டியவர் பெயர் அந்த வரியில்தான் இருந்தது; அந்தப் பெயருக்காகவே பேராசிரியரின் வாழ்நாள் புத்தகம் அச்சேறாமல் கிடந்தது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

ஊர்க்காரர்கள் பார்த்தது வேறு. மெத்தப் படித்த பெரிய வாத்தியார், சயாஜி, ஒரு கல்லுக்கு முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து கிடக்கிறார். கல்லில் ஏதோ இருக்க வேண்டும். [இருந்தது. எழுத்து.] அவர் திரும்பி வந்தபோது கல் முழுக்கத் தங்க ரேக்கு ஒட்டியிருந்தார்கள்.

3
(இங்கே அவர் கோபப்படுவதாக எழுதி அடித்துவிட்டேன். தப்பு யாருடையது என்று அவருக்கே தெரியும்.)

மூங்கில் சீவலோடு குனிந்தவரைச் சுரைக்காய் பஜ்ஜி விற்கும் டோ ம்யா யின் பிடித்துக்கொண்டாள்.

“சயாஜி, கும்பிட வந்தீங்களா, சுரண்ட வந்தீங்களா?”

“படிக்க வந்தேன் தங்கச்சி. இது வெறும் கல்லு.”

“வெறும் கல்லுக்கா அன்னிக்கு அப்படி விழுந்து கெடந்தீங்க?”

“கண்ணு சரியாத் தெரியல. அதான் கிட்டப் போனேன்.”

“நல்லாப் போனீங்க! மண்டலே கோயில்ல மகாமுனி புத்தர பொம்பளைங்க தொடக் கூடாது. ரேக்க ஆம்பள கையில குடுத்துட்டு, அவன் ஒட்டுறத டிவியில பாக்கணும். என் வீட்டுக்காரரு படகோட ஆத்துல போனாரே, அவருக்குப் புண்ணியம் சேரட்டும்னு நானே ஒட்டுனது இந்தக் கல்லுலதான்.”

“எந்த எடத்துல?”

“அடியில. நீங்க தலைய வெச்சிருந்த எடம்.”

4
முடிவு அ: சுரண்டுகிறார். பெயர் வருகிறது. அவள் அழுகிறாள். (அவள் அழுதால் கதை எடுபடும். அதனால்தான் கிழித்தேன்.)

முடிவு ஆ: சுரண்டாமல் போகிறார். ‘கட்டியவர் பெயர் தெரியவில்லை’ என்று புத்தகம் வருகிறது. (பெருந்தன்மை அதிகம். தவிர, கட்டிய மனிதர் தன் பெயரை யாராவது படிக்கட்டும் என்றுதானே கல்லில் வெட்டச் சொன்னார்? அவரை நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது.)

முடிவு இ: பேராசிரியர் மெதுவாகத் தன்…

5
டீக்கடையில் கடைசியாகக் காதில் விழுந்தது, டோ ம்யா யின் சொன்னது:

“சுரண்டணும்னா சுரண்டுங்க சயாஜி. உள்ள இருக்கிறவரு பேர எனக்கும் கேக்குற மாதிரி சத்தமாப் படிங்க. ஆனா மொதல்ல ஒரு தடவ கும்பிட்டுருங்க. இந்தத் தடவையாவது நெசமா.”

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

(கும்பிடுகிறாரா, படிக்கிறாரா என்பதை முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து மேசையிலிருந்து எனக்குக் கிடைத்தது முதுகு மட்டும். நீங்கள் அந்தப் பக்கமாகப் போய்ப் பாருங்கள்.)