லிபினிக்கு ஆறு பேர்

கார் காட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதுமே ரெனாட்டா விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"செப்டம்பர் கூட்டத்துல உங்க ஊர் லிபினியைப் பக்கத்து ஊர் சோஸ்னுவ்காவோட சேர்த்துடப் போறோம், வாலென்டி அண்ணே. கோச்சுக்காதீங்க."

ரெனாட்டா அந்த வட்டாரத்தின் தலைவர். பின்சீட்டில் காளான் ஊறுகாய் ஜாடிகளைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் வாலென்டி. காட்டு இலாகாவில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஏன், நாங்க என்ன கலாட்டா பண்ணினோம்?" என்றார்.

"நாங்களா? நீங்க ஒரே ஆளு!"

அது உண்மைதான். வாலென்டியின் லிபினியில் நாலு வீடு, அதில் மூன்றில் பூட்டு. கடைசியாக இருந்த குபியாக் குடும்பமும் மூன்று வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் ஊரின் பெரிய மனிதர், சின்ன மனிதர், ஊர்வம்பு பேசுகிறவர், ஊரார் வம்புக்கு ஆளாகிறவர் எல்லாமே வாலென்டிதான்.

"ஒத்தை ஆளுக்காக காட்டுக்குள்ள பனி தள்ள வண்டி அனுப்பறோம். பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடிக்கிறோம். உங்க வீடு அங்கேயேதான் இருக்கும். விலாசம் மட்டும் சோஸ்னுவ்கான்னு மாறும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் வாலென்டி. மடியில் இருந்த ஜாடிகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். ரெனாட்டாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரி, ஒண்ணு சொல்றேன். இன்னைக்குத் திருவிழாவுல வடம் இழுக்கற போட்டி உண்டில்ல? உங்க ஊர் சார்பா ஒரு அணி இறக்கிக் காட்டுங்க. தீர்மானத்தை நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

முடியாது என்று தெரிந்துதான் சொன்னார். அணி என்றால் ஆறு பேர்.

போலந்தில் எத்தனை லிபினி இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நம் முன்னோர்கள் எங்கேயாவது நாலு லீப்பா மரத்தைக் கண்டால் போதும், லிபினி என்று பெயர் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். பின்னால் வருகிறவன் எந்த லிபினி என்று தெரியாமல் திண்டாடுவானே என்று ஒருத்தராவது யோசித்தாரா? இல்லை. அந்தத் திண்டாட்டத்தையே சாக்காக வைத்து வருஷா வருஷம் ஆகஸ்டில் எல்லா லிபினிக்காரர்களும் ஏதாவது ஒரு லிபினியில் கூடிக் கும்மாளம் போடுகிறார்கள். அந்தந்த வட்டாரத் தலைவர்களுக்கும் அழைப்பு போகும். அவர்கள் மேடையில் உட்கார்ந்து, வாழ்த்திப் பேசி, வறுத்த சாசேஜ் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தத் தடவை தெற்கே ஒரு பெரிய லிபினியில் கூட்டம். மைதானம் முழுக்கக் கடைகள். ஒவ்வொரு லிபினியும் ஒரு மேஜை போட்டிருந்தது. ஒன்றில் உருளைக்கிழங்கு அடை, ஒன்றில் பியெரோகி கொழுக்கட்டை, ஒன்றில் உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். நடுவில் அக்கார்டியன் சத்தம் காதைப் பிளந்தது.

பதிவு செய்யும் மேஜையில் தியோஃபிலா உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி. சிரிப்பதற்குக் கூட மனு போட வேண்டும் என்கிற முகம்.

"ஊர்த் தலைவர் யாரு?"

"நான்தான்."

"மாதர் சங்கத் தலைவி?"

"வேற போட்டி இல்லாததால அதுவும் நான்தான்."

"தீயணைப்புப் படை இருக்கா?"

"ஒரு வாளி இருக்கு."

தியோஃபிலா பேனாவைக் கீழே வைத்தார். "கிண்டலா? மக்கள்தொகை எவ்வளவு?"

"காலையில வரைக்கும் ஒண்ணு. இப்ப நான் இங்க வந்துட்டேன், அங்க பூஜ்யம்."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் வெடித்துச் சிரித்தார். நல்ல ஆகிருதி, கை ஒவ்வொன்றும் ரொட்டி மாவு பிசைந்தே உரமேறிய கை. லுட்மிலா என்று பெயர், கிழக்கு எல்லைப் பக்கத்து லிபினிக்காரர். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. மகன், மருமகள் வீட்டில் இருக்கிறார்.

"வடம் இழுக்க வருவீங்களா?" என்று தியோஃபிலா வாலென்டியைக் கேட்டார்.

"வரணும்மா. வந்தே ஆகணும்."

"ஆறு பேர் வேணும். அதுவும் அந்தந்த ஊர்லயே குடியிருக்கறவங்க. போன வருஷம் ஒரு ஊர்க்காரங்க டவுன்லேர்ந்து பளு தூக்கறவங்களைக் கூட்டிட்டு வந்து நின்னாங்க. அதனால இந்த வருஷம் ஒவ்வொருத்தரும் பாதிரியார் முன்னாடி நின்னு வாயால சொல்லணும்."

வாலென்டி மேடையை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ரெனாட்டா காலை ஆட்டிக்கொண்டு சாசேஜ் கடித்துக்கொண்டிருந்தார். இவர் பார்ப்பதைக் கண்டதும் ஆறு விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். கெட்ட எண்ணம் இல்லை, விளையாட்டுதான். ஆனால் வாலென்டி ஓரமாகப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

லுட்மிலா தட்டு நிறைய அடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க. வாளி வச்சிருக்கற தீயணைப்புப் படை பட்டினி கிடக்கக் கூடாது."

வாலென்டி சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். லுட்மிலா கேட்டு முடித்ததும் எழுந்தார். நேராகத் தியோஃபிலாவின் மேஜைக்குப் போய் ஒரு தட்டு தட்டினார்.

"எங்க ஊர்லேர்ந்து ஒரு பஸ் நிறைய வந்திருக்கோம். இழுக்கறது ஆறு பேர். மீதிப் பேர் சும்மாத்தானே நிக்கிறோம்? அவருக்காக நாங்க இழுக்கறோம்."

"ஒரு ஊருக்கு இன்னொரு ஊர்க்காரங்க இழுக்க முடியாது."

"இன்னொரு ஊர்க்காரங்களா? அப்படின்னா எதுக்கும்மா வருஷா வருஷம் எங்களைக் கூப்பிடறீங்க? வேத்து ஆளுங்களுக்குத்தான் இவ்வளவு அடை சுட்டீங்களா?"

தொப்பையைத் தடவியபடி பக்கத்தில் நின்ற பாதிரியார், "சட்டப்படி தப்புதான்," என்றார். "ஆனா அவங்க சொல்றதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. விட்டுடுங்க."

விஷயம் மைதானம் முழுக்கப் பரவியது. மேற்கேயிருந்து வந்த ஒரு பால்பண்ணைக்காரர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், இரட்டைச் சகோதரர்கள் இருவர் என்று வெவ்வேறு லிபினிகளிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். லுட்மிலா கடைசியில் நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். முன்னால் வாலென்டி. ஆறு.

மேடையில் ரெனாட்டாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"இது செல்லாது! அதெல்லாம் இரவல் ஆளுங்க. ஊர்னா சொந்த ஆள் இருக்கணும். ஒரு ஆள் இருக்கற இடத்தை ஊர்னு எப்படிச் சொல்றது?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன இடம் தப்பு. அங்கே கூடியிருந்த லிபினிகளில் பாதி சின்ன ஊர்கள். பள்ளிக்கூடத்தை மூடினோம், பஸ்ஸை நிறுத்தினோம், பக்கத்து ஊரோடு சேர்க்கிறோம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்.

"எங்ககிட்டயும் இதையேதான் சொன்னாங்க!" என்று ஒருத்தர் கத்தினார். வெள்ளரிக்காய் மேஜையை விட்டுவிட்டு வந்து வாலென்டி பக்கம் கயிற்றைப் பிடித்தார். அவர் பின்னால் அவர் மனைவி. அவர் பின்னால் பியெரோகிக்காரர்கள். எதிர்ப்பக்கம் தயாராக நின்ற உள்ளூர் அணி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு கயிற்றைப் போட்டுவிட்டு அதுவும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. கடைசியில் தியோஃபிலாவே ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

பாதிரியார் விசிலை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார். "எதிர்ப்பக்கம் ஆளே இல்லையேப்பா."

எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. அங்கே வட்டாரத் தலைவர்கள் சாசேஜும் கையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இறங்குங்க!" என்றது மைதானம்.

ஒரு தலைவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு அவசர போன். ஒன்றும் எடுபடவில்லை. ரெனாட்டா மட்டும் தப்பிக்கப் பார்க்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். குதிகால் செருப்பை உதறிவிட்டு, பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டு முன்னால் வந்து வாலென்டிக்கு நேர் எதிரே கயிற்றைப் பிடித்தார்.

"விட மாட்டேன், அண்ணே."

"நானும்தான்ம்மா."

விசில் ஊதியது. அதற்குப் பிறகு நடந்ததைப் போட்டி என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. தலைவர்கள் மொத்தமும் ஈரப் புல்லில் சறுக்கிக்கொண்டு பாதி மைதானம் வந்து சேர்ந்தார்கள். முதுகுவலிக்காரர் எல்லாருக்கும் மேலே கிடந்தார். அக்கார்டியன்காரர் வாசிக்க முடியாமல் சிரித்துச் சிரித்து அழுதார்.

முதலில் கயிற்றை விட்டு ஓடியவர் வாலென்டி. ரெனாட்டாவைக் கைகொடுத்துத் தூக்கினார். தலையெல்லாம் புல்லும் சேறுமாக அவர் எழுந்து நின்று சிரித்தார்.

"கிழிச்சுடறேன். போதுமா? உங்க லிபினி உங்களுக்கே."

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. ஒரு மேஜையில் வாலென்டி, லுட்மிலா, முழங்காலில் கட்டுப் போட்ட ரெனாட்டா மூவரும் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே," என்றார் ரெனாட்டா. "வெறும் பேருக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

வாலென்டி குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குபியாக்கோட மூணு பிள்ளைங்களும் அங்கதான் பொறந்தாங்க. கடைசிக் குட்டி பொறந்தப்ப பனியில ஆம்புலன்ஸ் வரல, நான் டிராக்டர்ல நர்ஸைக் கூட்டிட்டு வந்தேன். அது இப்ப அயர்லாந்துல ஸ்கூலுக்குப் போகுது. நீ எந்த ஊருன்னு கேட்டா லிபினின்னு சொல்லுதாம். அப்படி ஒரு ஊரே இல்லைன்னு அதுகிட்ட ஒருத்தன் சொல்லக் கூடாதும்மா. அதுக்கு அங்க ஒரு ஆளாவது இருக்கணும். அதான் இருக்கேன்."

ரெனாட்டா தன் குவளையைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "சரி. உங்களுக்கு அப்புறம்?"

வாலென்டி ஆட்டக்காரர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

லுட்மிலா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் குபியாக் வீடு காலியாத்தானே கிடக்கு? வாடகைக்குத் தருவாங்களா?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பார்க்கறீங்க? என் மருமகளுக்கு என் அறை வேணுமாம். ஆறு மாசமா ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துட்டு இருக்கா. அங்க கோழி வளர்க்கலாமா?"

"நரி வரும்," என்றார் வாலென்டி.

"வரட்டும், பார்த்துக்கறேன். உருளைக்கிழங்கு தோண்டி முடிச்சதும் வர்றேன். அக்டோபர் கடைசியில வச்சுக்கலாம்."

வாலென்டி ஒரு கிண்டலைத் தேடிப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போனதும் குபியாக் வீட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் பண்ணிடறேன்," என்றார். "மூணு வருஷமா அடுப்பு பத்தவைக்கல."