பதினைந்து மீட்டர்த் தொட்டி

மனப்பாடம் மாண்டது, இனி மாணவர் தம் கையால் அளந்தே கணிதம் கற்பர் என்று கல்வித்துறைச் சுற்றறிக்கை முழங்கிற்று. எறையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் அதை முழுமையாக நம்பியவள் பத்தாம் வகுப்பு மஞ்சு ஒருத்திதான்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உயரம் காண வேண்டும். அதைத் துறையின் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். அதற்குப் பத்து மதிப்பெண். அந்தப் பத்து இல்லையேல் பெரம்பலூரில் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பிரிவு இல்லை. குச்சி நட்டாள், நிழல் அளந்தாள், வடிவொத்த முக்கோணம் வரைந்தாள். பன்னிரண்டு மீட்டர். செயலி சிவந்தது: தவறு, சரியான விடை பதினைந்து. மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கணித ஆசிரியர் தங்கசாமியிடம் ஓடினாள்.

"நீ அளந்தது சரிதாம்மா. தொட்டியத்தான் குட்டையா கட்டிப்புட்டாங்க. எல்லா ஊருக்கும் ஒரே விடைதான் ஏத்தியிருக்காங்க. பதினஞ்சுன்னு போட்டுட்டுப் போயேன்."

"மறுபடி போடணும்னா அளக்குற நாடாவோட போட்டோ கேக்குது சார்."

நூறு நாள் வேலைக்குப் போகும் அவள் தாய் ஆண்டாயி கேட்டாள்: "மூணு மீட்டருதானே கொறையுது? தொட்டிய ஒசத்த முடியாது. தரைய எறக்கிட்டா?"

ஏரியில் தண்ணீர் நின்றதால் வேலையிடமின்றி இருந்த இருபத்திரண்டு பெண்கள் தொட்டியின் விளிம்புக்கு நேர்கீழே மண்வெட்டியோடு இறங்கினார்கள். பதிவேட்டில் அது மழைநீர்ச் சேமிப்புக் குழி ஆயிற்று. இரண்டாம் நாள், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் செல்லமுத்து உச்சியிலிருந்து நாடாவை விட்டார். குழியின் அடியில் நின்ற மஞ்சு படித்தாள். பதினைந்து! நாடாவின் படத்தைச் செயலியில் ஏற்றினாள்.

செயலி மீண்டும் சிவந்தது. 'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சரியான விடை பன்னிரண்டு எனத் திருத்தப்பட்டுள்ளது. தங்கள் புதிய விடை தவறு. இன்று மாலை ஐந்து மணிக்குள், அதே இடத்தில், மீண்டும் அளக்கவும்.'

உண்மை வென்றது, வென்ற உண்மை அவளை மூன்று மீட்டர் ஆழத்தில் நிறுத்திவிட்டது!

"அம்மா, இப்ப பன்னெண்டுதானாம்!"

"மொதல்ல மேல ஏறி வா கண்ணு. மண்ணு இங்கனதான் கெடக்கு."

"இத பதிவேட்டுல என்னான்னு எழுதுவாங்கக்கா?" என்றாள் ஒருத்தி.

"நெலத்த சமப்படுத்துற வேலைன்னு எழுதட்டும். மண்ணத் தள்ளுங்கடி!" என்றாள் ஆண்டாயி.

நாலே முக்காலுக்கு நாடா பன்னிரண்டைக் காட்டியது. செயலி பச்சையாயிற்று. பத்து மதிப்பெண். மஞ்சு தாயைக் கட்டிக்கொண்டாள்.

ஆண்டாயி மட்டும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஒம்பதாங் கிளாசுக்கு எத்தன மீட்டராம்? கேட்டுட்டு வந்துடு புள்ள."