பன்னிரண்டாவது பட்டை

இலந்தை இலைகளைக் காம்பிலிருந்து உருவி உருவிச் சுளகில் போட்டுக்கொண்டிருந்தாள் ஸுலைஹா. பெருவிரலில் முள் குத்தி இரத்தம் கசிந்தது. விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடியும் உருவினாள். இரண்டு கைப்பிடி போதும். அந்த அளவு அவளுக்குக் கண்மதிப்பிலேயே தெரியும். மடவளையிலும் அதைச் சுற்றியும் எந்த வீட்டில் ஒரு பெண் மவ்த்தானாலும் இறந்த உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்க இலை உருவிக் கொடுப்பது அவள் வேலை. குளிப்பாட்டுவது அவளுடைய உம்மா ஆஸியாவின் வேலை.

இன்று உள்ளே, வெள்ளைத் துணி போர்த்திப் பாயில் கிடப்பது உம்மா.

சுபஹு பாங்கு சொல்லி முடிவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. போன வருடக் கடைசியில் கண்டிப் பக்கத்து ஊர்களையெல்லாம் வாரிக்கொண்டு போன மலேரியாக் காய்ச்சல் உம்மாவை இரண்டு தடவை பிடித்து இரண்டு தடவையும் விட்டிருந்தது. இந்த ஓகஸ்டில் மூன்றாம் தடவை வந்தது, விடவில்லை.

அந்தக் காய்ச்சல் காலத்தில்தான் இஹ்வான் சங்கத்தின் பேர் வெளியே தெரிந்தது. கடைக்காரரும் வண்டிக்காரரும் தையற்காரருமாக இருபது பேர், ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டு, ஊரில் இறந்தவர்களின் மையத்துகளைச் சுமக்க ஏற்படுத்திய சங்கம் அது. காய்ச்சல் வந்ததும் அவர்கள் கொயினா மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெரிய கிடாரங்களில் கஞ்சி காய்ச்சிச் சிங்களக் கிராமங்களுக்கும் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் வண்டியில் ஏற்றினார்கள். ஒரே நாளில் ஐந்து கபுறுக் குழிகள் வெட்டியதும் உண்டு. ஆனால் பெண் மையத்தைக் குளிப்பாட்ட வெளி ஆண்களால் முடியாது. மற்றப் பெண்கள் காய்ச்சலுக்குப் பயந்து ஒதுங்கியபோது, சங்கத்து வண்டிக்காரர் ஹபீலின் மனைவி ஆஸியா தண்ணீர் மொள்ளும் செம்பு மொண்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அந்த மொண்டை பின்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். எந்நேரம் ஆள் வந்து கூப்பிட்டாலும் இருட்டிலும் கைக்கு எட்ட வேண்டும் என்று உம்மாவே அடித்த ஆணி அது.

அந்தச் சேவைக்கு மரியாதை செய்ய இன்று ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு மத்ரஸா முற்றத்தில் விழா வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்குத் தோளில் போடப் பச்சைப் பட்டை. வெள்ளி நூலில் எழுத்து வைத்துக் கண்டி டவுனில் தைத்தது.

மூன்று நாளைக்கு முன் சங்கத்துக் காரியதரிசி தாஸிம் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து பட்டியலை வாசித்துக் காட்டினார். பதினோராவது பேர் ஸுலைஹாவின் வாப்பா ஹபீல். பன்னிரண்டாவது, "ஹபீல் நானாட வீட்டார்."

வாப்பா சிரித்தார். "ரெண்டு பட்டயயும் நானே வந்து வாங்கவா? ரெண்டு தோள்லயும் போட்டா நான் என்ட வண்டி மாட்டுக்கு மச்சான் மாதிரி ஈப்பேன்."

"பொம்புளயள் மேடைக்கு வர ஏலாதே நானா. நீங்கதான் வாங்கோணும்," என்றார் தாஸிம்.

ஆண்கள் கூடிய இடத்தில் ஒரு பெண்ணின் பேரைச் சொல்லும் வழக்கம் ஊரில் இல்லை. வாப்பா வீட்டுக்குள்ளும் சொன்னதில்லை. 'இஞ்சப் பாருங்க' என்பார், இல்லாவிட்டால் 'ஸுலைஹாட உம்மா'. தாஸிம் போனதும், காய்ச்சலில் படுத்திருந்த உம்மா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:

"நாப்பத்திமூணு பொம்புளயள குளிப்பாட்டீக்கிறேன். ஒவ்வொருத்தர்ட பேரயும் கேட்டுட்டுத்தான் மொத மொண்டைய ஊத்தின. என்ட பேரச் சென்னா மட்டும் ஒங்கட நாக்கு வெந்து போகுமா?"

"ஊர் வழக்கம் அப்பிடித்தானே."

"சரி சரி. நான் மவ்த்தானாலும் சந்தூக்குல 'வீட்டார்' தான் போவாங்க போல."

வாப்பா அதற்கும் சிரித்தார். உம்மாவும் சிரித்து, இருமினாள்.

ஸுலைஹா சுளகை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள் அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். முன்வாசலில் பள்ளிவாசல் லெப்பையின் குரல் கேட்டது.

"குளிப்பாட்ட அலவத்துகொட கைரியா லாத்தாவக் கூட்டிவர ஆள் போனதுதான். ராவு பெஞ்ச மழைக்கு ரோட்டுல மண் சரிஞ்சி பஸ் இல்லயாம். நடந்து வாரதெண்டா மஃரிபு தாண்டும். மையத்த அவ்வளவு நேரம் வெக்கிறது சரியில்ல ஹபீல். உள்ளுக்கு ஈக்கிற பொம்புளயள்ட கேளுங்க."

கேள்வி உள்ளே வந்தது. ஓதும் குரல்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. ஒருத்திக்கு மகள் பிள்ளைத்தாய்ச்சி, மையத்தைத் தொட்ட கையோடு வீட்டுக்குப் போக முடியாது. ஒருத்திக்குத் தோள்மூட்டு வலி. மூன்றாமவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள். ஆஸியா இருந்தவரை யாரும் இதைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நீங்களே குளிப்பாட்டுங்க," என்றார் லெப்பை. "புருஷனுக்கு மார்க்கத்தில எடம் ஈக்கி."

வாப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். மடித்தது நிற்கவில்லை. மறுபடி மடித்தார். எத்தனையோ குழி வெட்டிய அந்தக் கையைக் கதவிடுக்கு வழியாக ஸுலைஹா பார்த்தாள்.

காய்ச்சல் காலத்தில் ஒரு நாள், பயந்து நடுங்கிய ஒரு வீட்டில் உம்மா சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. 'ஒரு பொம்புள கடைசியா குளிக்கக்குள்ள இன்னொரு பொம்புளட கைதான் படோணும். நான் ஈக்கிற வரைக்கும் யாரயும் அப்பிடி இல்லாம அனுப்ப மாட்டேன்.' உம்மா இப்போது இல்லை. அந்தச் சொல் மட்டும் வாசலில் வந்து நின்றது.

ஸுலைஹாவுக்குப் பதினாறு வயது. பன்னிரண்டில் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு நின்றதிலிருந்து வெளி ஆண்கள் காதில் அவள் குரல் விழுந்ததில்லை. பெண்களுக்கு நடுவிலும் அவள் வாய் திறப்பது அபூர்வம். திரைக்கு வெளியே நின்று இலையையும் தண்ணீரையும் நீட்டியிருக்கிறாளே தவிர, ஒரு தடவையும் திரைக்கு உள்ளே போனதில்லை.

"வேணாம் வாப்பா," என்றாள்.

முற்றத்தில் எல்லோரும் திரும்பினார்கள். கதவுக்குப் பின்னால் நின்றே அவள் சொன்னாள்: "நான் குளிப்பாட்டுறேன்."

"ஒனக்குத் தெரியுமா மகள்?" என்றார் வாப்பா.

ஸுலைஹா பின்கதவுப் பக்கம் போனாள். ஆணியிலிருந்து மொண்டையைக் கழற்றினாள்.

பின்வளவில் நான்கு கம்பு நட்டு வெள்ளைச் சீலைகளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கிணற்றடியில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. பார்த்தால், மேலே தோட்டத்து லயத்திலிருந்து வந்த பேச்சியம்மா.

"கஞ்சி வண்டியில வந்து எம் புள்ள வாயில கரண்டியால ஊட்டினவுங்கம்மா அவுங்க," என்றாள். கயிறு அவள் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. "உள்ளாற வர முறையில்லன்னு தெரியும். தண்ணி எறைக்கலாமில்ல? எத்தன வாளின்னு சொல்லுங்க, எறைக்கிறேன்."

திரையை விலக்கியபோது பின்னால் ஒரு காலடி கேட்டது. பக்கத்து வீட்டு றமீஸா. தன் உம்மா தை மாதத்தில் மவ்த்தானபோது அறைக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வராதவள்.

"எனக்குப் பயமா ஈக்கி," என்றாள் றமீஸா. "தொட மாட்டேன். தண்ணி மட்டும் ஊத்துறேன். நீ எங்க செல்றியோ அங்க ஊத்துறேன்."

"சரி."

உடலை மறைத்துப் போர்த்திய துணிக்கு அடியில் ஸுலைஹா கையை விட்டாள். எங்கே தொடங்குவது? திரைக்கு வெளியே நின்ற அத்தனை நாளும் காதில் விழுந்த சத்தங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். முதலில் வலப்பக்கம் தண்ணீர் விழும். பிறகு இடம். அதற்கும் முந்தி உம்மாவின் குரல் கேட்கும். மையத்தோடு உம்மா பேசிக்கொண்டே குளிப்பாட்டுவாள், உயிரோடு இருக்கிற ஒருவருக்குத் தலைக்கு வார்த்துவிடுகிற மாதிரி. 'தலய கொஞ்சம் சாய்ங்க லாத்தா. தண்ணி சூடில்ல, பயப்படாதீங்க.'

ஸுலைஹா புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தாள்.

"உம்மா," என்றாள். "உம்மா, தண்ணி சூடில்ல. தலய கொஞ்சம் சாய்ங்க."

றமீஸா ஊற்றினாள். மொண்டை விளிம்பு வாளியில் தட்டித் தட்டி ஒலித்தது. இரண்டாம் வாளியில் அந்தச் சத்தம் குறைந்தது. மூன்றாம் வாளியில், ஒரு பக்கம் திருப்ப ஸுலைஹாவுக்குத் தனியே பலம் போதாமல் நின்றபோது, றமீஸா மொண்டையை வைத்துவிட்டுக் குனிந்து உம்மாவின் தோளைப் பிடித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கடைசியில் கற்பூரம் கலந்த தண்ணீர். பிறகு முடி. உம்மாவுடைய முடி இன்னும் கறுப்பு மாறாமல் இடுப்பு வரை கிடந்தது. அதைத் துவட்டி மூன்று பின்னலாகப் பின்னிப் பின்னால் விட்டாள். போன வெள்ளிக்கிழமை வரை, காய்ச்சலோடும் எழுந்து உட்கார்ந்து, இவள் தலையைப் பின்னிவிட்டவள் உம்மா. இறுக்கிப் பின்னுவாள். வலிக்கும். ஸுலைஹா இறுக்காமல் பின்னினாள்.

ளுஹர் தொழுது முடிந்ததும் மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு வந்தது. சங்கத்து ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். விழாவை நிறுத்திவிட்டதாகத் தாஸிம் சொன்னார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பிரித்து ஒரு பச்சைப் பட்டையை எடுத்து, சந்தூக்கைப் போர்த்திய துணியின் மேல் விரித்தார். கபுறுக்குள் அது போகாது, மையவாடி வரைக்கும்தான்.

தூக்குவதற்கு முன் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துத் தாஸிம் குரலை உயர்த்தினார்.

"ஜமாஅத்தாரே, ஹபீல் நானாட வீட்டார் மவ்த்தாகிட்டாங்க. அவங்களால யாருக்கும் ஏதாவது மனவருத்தம் வந்தீந்தா —"

"தாஸிம்."

வாப்பாவின் குரல். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்ற பெண்கள் அசைவதை நிறுத்தினார்கள்.

"பேரச் செல்லுங்க," என்றார் வாப்பா.

தாஸிம் லெப்பையைப் பார்த்தார். லெப்பை தரையைப் பார்த்தார். எங்கேயோ ஒரு மாடு கழுத்து மணியை ஆட்டியது. அது வாப்பாவின் வண்டி மாடுதான்.

வாப்பா சந்தூக்கின் தலைமாட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸியா," என்றார். பழக்கமில்லாத சொல்லை வாசிப்பது மாதிரி வந்தது. மறுபடி, ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "ஆஸியா. பெரியதம்பி மரைக்காருட மகள். அவவால யாருக்கும் மனவருத்தம் ஈந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க."

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "எங்கட உம்மாவ குளிப்பாட்டினது அவங்க. மன்னிக்க ஒண்டுமில்ல." இன்னொருவர், "என்ட தங்கச்சிய." அப்புறம் யார் யாரோ. சந்தூக்கு தோளுக்கு ஏறியபோதும் அந்தக் குரல்கள் நிற்கவில்லை. படலையைத் தாண்டி ரோட்டில் இறங்கும் வரை ஸுலைஹா ஜன்னல் கம்பியை விடவில்லை.

மழை திரும்பவும் வந்து ஒரு மணி நேரம் பெய்து ஓய்ந்தது. மையவாடியிலிருந்து திரும்பிய வாப்பா முழுக்க நனைந்திருந்தார். கையில் அந்தப் பட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் விறாந்தையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஸுலைஹாவிடம் நீட்டினார்.

"மண் பட்டுட்டுது மகள்."

ஸுலைஹா அதைக் கிணற்றடியில் அலசினாள். பேச்சியம்மா போகும் முன் வாளிகளையெல்லாம் நிரப்பி வைத்திருந்தாள். பட்டையைப் பிழிந்து, கழுவிக் காயப்போட்டிருந்த திரைச் சீலைகளுக்குப் பக்கத்தில் கொடியில் போட்டாள். மொண்டையைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் றமீஸா நின்றாள். அவளும் குளித்திருந்தாள், தலை ஈரமாக இருந்தது.

"ஸுலைஹா, இனிமே யாரும் வந்து கூப்பிட்டா வேலியில தட்டு."

"பயம்?"

"ஈக்கிதான்." றமீஸா கொஞ்சம் யோசித்தாள். "ஒனக்குத் தனியா மையத்தத் திருப்ப ஏலாதே."

காலையில் வெயில் வந்தது. ஸுலைஹா சீலைகளை எடுத்து மடிக்கப் போனாள். காற்றில் பட்டை ஒரு சீலையோடு ஒட்டிக்கிடந்து, அதன் பச்சைச் சாயம் சீலையின் ஓர் ஓரத்தில் ஊறியிருந்தது, உள்ளங்கை அளவுக்கு. வாளியில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் சவுக்காரமும் இருந்தது.

கழுவாமல், அந்த ஓரம் மேலே தெரியும்படி சீலையை மடித்து, ஆணியில் தொங்கிய மொண்டைக்குக் கீழே வைத்தாள்.