கடைசிப் பதினாறு பக்கங்கள்

மாதம் முடிகிற அன்று, அந்த மாதம் படித்த புத்தகங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி அபிப்பிராயம் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வழக்கம். போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. போட்ட மூன்றாவது நொடியில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து நிற்கும். முப்பது வரியை மூன்று நொடியில் படிக்கிற குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிக் காட்டுவேன்.

"விரலாவது வருதேன்னு சந்தோஷப்படுங்க" என்பாள் அவள்.

உண்மையிலேயே படிக்கிற ஒரே ஆள் என் மாமனார். மறுநாள் காலை போன் வரும். "மாப்பிள்ளை, மூணாவது புத்தகத்துல அந்தக் கப்பல் கடைசியில கரை சேந்துதா இல்லையா? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே." நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பாதியில் நிற்கிற எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இந்த மாதம் ஏழு புத்தகங்கள். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எடுத்த ரத்தத்தைக் குழாய்களோடு இயந்திரத்தில் வைத்துச் சுழலவிட்டால், அடுத்த பத்து நிமிடம் என்னுடையது. அப்படிச் சேர்த்த பத்துப் பத்து நிமிடங்களில்தான் என் இலக்கிய வாழ்க்கை நடக்கிறது. முதலாவது ஒரு கொலைக் கதை. முப்பதாம் பக்கத்திலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். எழுபதாம் பக்கத்தில் அவனையே யாரோ கொன்றுவிட்டார்கள். இரண்டாவது பறவைகளைப் பற்றியது. இப்போதெல்லாம் காக்கையைப் பார்த்தால் ஒரு மரியாதை வருகிறது. மூன்றாவது ஐந்து தலைமுறைக் கதை. யார் யாருக்குப் பிள்ளை என்று குழம்பாமலிருக்க, அங்கே கிடந்த தாளின் பின்பக்கத்தில் வம்சாவளி வரைந்து வைத்திருந்தேன். அது ஒருவருடைய ரிப்போர்ட்டோடு போய்விட்டது. அவர் போன் செய்து, "என் சர்க்கரைக்கும் கிணத்துல விழுந்த ரெண்டாவது சம்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அடுத்த மூன்றும் சொல்லும்படி இல்லை.

ஏழாவது, 'மேலும் கீழும்'. எழுதியவர் என் மாமனார்.

அதை நான் படிக்கவில்லை.

மாத ஆரம்பத்தில் நூறு பிரதி அச்சடித்து, வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். என் கையில் கொடுக்கும்போது மட்டும், "மெதுவா படிங்க மாப்பிள்ளை. ஆனா கடைசி அத்தியாயத்தை விட்டுடாதீங்க" என்றார். ஒன்பதாம் பக்கம்வரை போனேன். அதற்குமேல் லிஃப்டைப் பற்றி ஒருவர் என்ன எழுதிவிட முடியும், மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதானே என்று மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ஆனால் பட்டியலில் அது இல்லாமல் எப்படி? முப்பதாம் தேதி காலை இப்படி எழுதினேன்: "7. மேலும் கீழும். அனுபவம் பேசுகிறது. குறிப்பாக அந்தக் கடைசி அத்தியாயம்! முடித்துவிட்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

உடனே என் சகலை, "உண்மை! நான் அழுதே விட்டேன்" என்று போட்டார். மச்சான், "கடைசி அத்தியாயம் வேற லெவல்" என்றான். முதல்முறையாக என் ரசனையைக் குடும்பமே ஒத்துக்கொள்கிறது என்ற பூரிப்போடு வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கினேன்.

வாசலில் வாட்ச்மேன் அதே புத்தகத்தோடு எழுந்து நின்றார். அவருக்கும் மாமா ஒரு பிரதி கொடுத்திருந்தார்.

"சார், நேத்து முடிச்சுட்டேன். பிரமாதமா எழுதியிருக்காரு. ஆனா நூத்தி எழுபத்தாறாம் பக்கத்தோட நின்னுபோகுது சார். அப்புறம் பதினாறு பக்கம் வெறும் வெள்ளை. உங்களதுலயும் அப்படித்தானா?"

"பாக்கணும்" என்று மென்று விழுங்கினேன்.

"அவருக்கு விடியக்காலையிலயே போன் போட்டுச் சொல்லிட்டேன் சார். பாவம், அவருக்கே தெரியல. தப்பு ஏதாவது கண்ணுல பட்டுடுமோன்னு பயந்து பிரிச்சே பாக்கலையாம்."

திரும்ப மேலே போய் என் பிரதியைப் பிரித்தேன். கடைசிப் பதினாறு பக்கங்கள் பால்போல வெள்ளை. அச்சகத்தில் ஒரு தாளை அச்சடிக்காமலேயே மடித்துத் தைத்துவிட்டார்கள். பட்டியலை அழிக்கலாம் என்று போனை எடுத்தால், மாமா அதை ஏற்கெனவே பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. அதாவது, வெள்ளைப் பக்கம் என்று தெரிந்துகொண்ட பிறகு, நான் ஜன்னலைப் பார்த்த கதையைப் படித்திருக்கிறார்.

சாயங்காலம் ஒரு துணிப்பையோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மாமா, அது வந்து... வெள்ளையா விட்டது ஒரு உத்தின்னு நெனச்சேன். சொல்லாம சொல்றது. இப்பல்லாம் அப்படி எழுதறாங்க."

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்படியா மாப்பிள்ளை? அப்ப நான் எழுதின பதினாறு பக்கத்தைவிட அது நல்லா இருந்துச்சா?"

மனைவி கொண்டுவந்து வைத்த காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எத்தனாம் பக்கத்துல நிக்கிறீங்க?"

"ஒம்பது."

"ஒம்பதுல நான் இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கலையே" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "இந்த மாசத்துல பதினோரு பேர் கடைசி அத்தியாயம் பிரமாதம்னு சொன்னாங்க மாப்பிள்ளை. நானும் நம்பி, ராத்திரி தூக்கம் வராம சந்தோஷப்பட்டேன்."

"அப்பா, நான் படிக்கலன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றாள் என் மனைவி.

"நீ சொன்ன. மத்தவங்க சொல்லாததுகூடப் பரவாயில்லைம்மா. இவரு..." என்று நிறுத்திக்கொண்டார்.

பையிலிருந்து, தன் கையெழுத்தில் இருந்த அந்தப் பதினாறு பக்கத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். காபியைத் தொடவில்லை. லிஃப்டுக்காகக்கூட நிற்காமல், ஐந்து மாடியையும் படிவழியாகவே இறங்கிப் போனார். லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் அவர் படியில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கும்வரை கதவைச் சாத்தாமல் நின்றேன்.

பிறகு அந்தப் பக்கங்களை எடுத்தேன். வேலையின் கடைசி நாளன்று அவரே லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை. இருட்டில் நின்றபடி, நாற்பது வருடமாக மற்றவர்கள் உள்ளேயிருந்து கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "வெளியே யாராவது இருக்கீங்களா?" கடைசிப் பக்கம் நன்றியுரை. அதில் இப்படி இருந்தது:

"என் பிள்ளைகள் இதைப் படிக்க மாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மூத்த மாப்பிள்ளை ஒருவர்தான் வரி விடாமல் படிப்பார். அவர் முன்னால் தலைகுனியக் கூடாதே என்றுதான் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை எழுதினேன்."

தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது நான்தான்.

குழுவில் இன்னொரு செய்தி போட்டேன்: "திருத்தம். ஏழாவது புத்தகத்தை நான் படிக்கவில்லை. பொய் சொன்னேன். அதன் கடைசி அத்தியாயம் யாருடைய பிரதியிலும் அச்சாகவே இல்லை. நாளை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்."

மூன்றாவது நொடியில் கட்டைவிரல்கள் வந்தன. சகலை, "அருமை! தொடரட்டும் உங்கள் வாசிப்பு!" என்றார். மாமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் ஒவ்வொரு முறை குழாய்களைச் சுழலவிட்டதும் உட்கார்ந்து படித்தேன். பதினைந்தாம் பக்கத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளை, முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். மாமா மேலேயிருந்து, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று கத்துகிறார். உள்ளேயிருந்து, "அவசரமில்லை, மெதுவா பாருங்க" என்று பதில் வருகிறது. நான் சத்தமாகச் சிரித்ததில், ரத்தம் கொடுக்க வந்தவர் கையை இழுத்துக்கொண்டார். இயந்திரம் நின்றதுகூடத் தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. மாமா.

"எத்தனாம் பக்கம்?"

"நாப்பத்தொண்ணு மாமா."

"கல்யாண மாப்பிள்ளை வெளிய வந்துட்டாரா?"

"இன்னும் இல்ல மாமா."

"அவரை அங்க அந்தரத்துல தொங்கவிட்டுட்டு என்கிட்ட என்ன பேச்சு? படிங்க" என்று போனை வைத்தார்.